பூஸ்டர் சுரண்டிய விரல்கள்

காலையில் என் வீட்டுக்காரர் விரல்கள் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்திருக்கும். முதல் தடவை பார்த்தபோது பெயிண்ட் ஒட்டியிருக்கிறது என்று நினைத்து மண்ணெண்ணெய்த் துணியால் தேய்த்தேன். போகவில்லை. கிள்ளினேன். அவர் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் அடுப்பு முன்னால் கையை நீட்டி உட்கார்ந்தார். வெள்ளை நீலமாகி, நீலம் சிவப்பாகி, கடைசியில் வலி வந்தது. வலி வந்ததும் சிரித்தார்.

"பாத்தியா அம்மிணி, உசுரு இருக்குது."

குளிர் என்றுதான் நினைத்தோம். அருவங்காட்டுப் பக்கம் குடியிருக்கிறவர்களுக்குக் கை விறைப்பது புதுசா என்ன? ஆனால் மே மாதத்திலும் வெளுத்தது. ஊட்டிக்குப் போகிற டூரிஸ்ட்கள் டீ ஷர்ட்டோடு அலையும்போது இவர் கம்பளிக் கையுறை போட்டுக்கொண்டு சட்டைப் பொத்தான் போட முடியாமல் நிற்பார். நான் போட்டுவிடுவேன்.

நாங்கள் இரண்டு பேரும் ஒரே ஷெட்டில் வேலை. அருவங்காட்டுக்கும் குன்னூருக்கும் நடுவில், சாலையிலிருந்து கீழே இறங்கினால் தகரக் கூரை தெரியும். முன்னே அது லேத் பட்டறை. டீ ஃபாக்டரிகளில் ரோலர் தேய்ந்தால், ஷாஃப்ட் வளைந்தால் அங்கேதான் கொண்டுவருவார்கள். டீ ஃபாக்டரிகள் ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டபோது பட்டறைக்கும் வேலை போனது. அப்போதுதான் முதலாளிக்கு மலைக்குக் கீழே சமவெளியிலிருந்து ராக்கெட் கம்பெனி வேலை வந்தது. தனியார் கம்பெனி. சின்னப் பிள்ளைகள் சேர்ந்து நடத்துவது.

ராக்கெட் என்றதும் ஊரில் எல்லோரும் எங்களை ஒரு மாதிரி மரியாதையாகப் பார்த்தார்கள். ஒன்றுமில்லை, அது சுரண்டுகிற வேலை. ராக்கெட்டை ஆரம்பத்தில் தூக்கிவிடுவதற்குப் பூஸ்டர் என்று ஒன்று உண்டு. உள்ளே ரப்பர் மாதிரி கெட்டியான எரிபொருள் நிரப்பியிருப்பார்கள். அது ஒரே நீளக் குழாய் இல்லை. துண்டு துண்டாகச் செய்து, ஒன்றுக்குள் ஒன்று செருகி, சுற்றிலும் இரும்பு பின்களை அடித்து இணைப்பார்கள். ஒவ்வொரு துண்டும் ஒரு செக்மெண்ட். புது மாடலைத் தரையில் கட்டிப்போட்டு எரித்துப் பார்ப்பார்கள். எரிந்து முடிந்த பிறகு எஃகுக் குழாய் மட்டும் மிஞ்சும். நல்ல எஃகு. தூக்கிப் போட மனசு வராது. அதைச் சுத்தம் பண்ணி, வட்டம் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, பெயிண்ட் அடித்துக் கொடுத்தால் மறுபடி எரிபொருள் நிரப்பிக்கொள்ளலாம் என்பது அவர்கள் கணக்கு. புதிது செய்வதைவிட மலிவு என்றார்கள். நாங்களும் நம்பினோம். நம் வீட்டில் பழைய பேண்ட்டைப் பையாகத் தைப்பதில்லையா?

குழாயின் உட்புறத்தில் சூடு தாங்குவதற்கு ஒரு ரப்பர்ப் பூச்சு. எரிந்த பிறகு அது கரியும் பசையுமாக எஃகோடு பிடித்துக்கொண்டிருக்கும். அதைச் சுரண்டி எடுப்பது என் வீட்டுக்காரர் வேலை. காற்றில் ஓடும் ஒரு ஸ்கிரேப்பர், முனையில் உளி. பிடித்தால் கை மட்டும் இல்லை, பல்லும் ஆடும். குழாய்க்குள் நிற்க முடியாது. குந்தி உட்கார்ந்து, காதில் பஞ்சு வைத்து, காலையிலிருந்து சாயங்காலம் வரை. நான் வெளியே பின்களைக் கழுவிக்கொண்டிருப்பேன். குழாய் முழுக்க மணி மாதிரி அதிரும்.

பெயிண்டர் ஒருத்தர் இருந்தார், கேத்திப் பக்கத்துப் படகர். குழாய் வாயில் தலையை விட்டுக் கத்துவார். "என்னடா எலி, வளைக்குள்ள இருக்கியா, பூனை தூக்கிட்டுப் போயிருச்சா?"

உள்ளேயிருந்து இவர் குரல் வரும். "பூனை வெளிய பின்னு கழுவிட்டிருக்குது, நீ சத்தம் போடாத."

சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

தண்ணீரைப் பயங்கர வேகத்தில் அடித்துப் பூச்சை உரிக்கிற மெஷின் இருக்கிறது. கை வைக்கவே வேண்டாம். ஆரம்பத்திலேயே அந்தப் பேச்சு வந்தது. ஆனால் அந்த மெஷினை வாங்கினால் பழைய செக்மெண்ட் புதியதைவிட விலை கூடிவிடும் என்று முதலாளியும் கம்பெனிக்காரர்களும் வேண்டாம் என்றார்கள். அதனால்தான் ஸ்கிரேப்பர். இதை யாரும் ரகசியமாகச் சொல்லவில்லை. டீ குடித்துக்கொண்டே என் முன்னால் பேசினார்கள். எனக்கும் அப்போது ஒன்றும் உறைக்கவில்லை.

டாக்டரிடம் போனோம். அவர் இவருடைய விரல் நுனியில் குண்டூசியால் தொட்டுத் தொட்டுக் கேட்டார். அதிர்வினால் வருவது என்றார். அந்த வேலையை விட்டால் இதோடு நிற்கலாம், போனது திரும்பி வரும் என்று சொல்ல முடியாது என்றார். பிறகு, "குளிர்ல இருக்காதீங்க" என்றார். ஜன்னலுக்கு வெளியே மேகம் கண்ணாடியை நக்கிக்கொண்டிருந்தது. நாங்கள் இரண்டு பேரும் தலையாட்டிவிட்டு வெளியே வந்தோம்.

"முதலாளிகிட்டச் சொல்லுங்க" என்றேன்.

"என்னன்னு? ஸ்கிரேப்பர் புடிக்க முடியாதுன்னா? அப்பறம் எனக்கு அங்க என்ன வேலை இருக்குது?"

"பெயிண்டிங்கு கேளுங்க."

"அந்தாளு என்னை ஓட்டியே கொன்னுருவான்."

அவர் சொல்லவே இல்லை. எனக்கு வேண்டியது ஒன்றுதான். அந்தக் கை மொத்தமாகப் போவதற்குள் அவர் அந்தக் குழாயை விட்டு வெளியே வரவேண்டும். அவருக்கு வேண்டியதும் ஒன்றுதான், யாருக்கும் தெரியக்கூடாது. ஒரே வீட்டில், ஒரே பஸ்ஸில், ஒரே ஷெட்டில் இதை வைத்துக்கொண்டு ரொம்ப நாள் ஓட்டினோம். கோபம்கூட வரவில்லை. மரத்துப்போவது விரலுக்கு மட்டும் வரும் நோய் இல்லை.

அப்படியிருக்கும்போது ஆயுத பூஜை வந்தது.

எங்கள் முதலாளி ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். ஆனால் ஆயுத பூஜைக்குப் பொரி, கடலை, வாழைக்கன்று எல்லாம் அவரே குன்னூர் மார்க்கெட்டில் நின்று வாங்கிவருவார். பூஜை பண்ணாத பட்டறையில் ஆள் நிற்காது என்பது அவருக்குத் தெரியும். எங்கள் ஷெட்டில் ஒரு வழக்கம். எந்தப் பொருளில் யார் வேலை செய்கிறாரோ, அவரேதான் தன் கையால் அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைக்கவேண்டும். வைத்த பொட்டை விஜயதசமி முடிந்து வேலை தொடங்கும்வரை யாரும் துடைக்கக்கூடாது.

அந்த வருடம் ஒரு செக்மெண்ட் முடிகிற நிலையில் இருந்தது. அவசரமானது. கம்பெனி வேறு நீளத்தில் புது மாடல் செய்கிறது. பழைய செக்மெண்டையும் புதியதையும் சேர்த்து இணைத்துப் பார்க்கப் போகிறார்கள். அதற்கு இதுதான் முதல் துண்டு. மரக்கட்டைகள் மேல் நிமிர்த்தி நிறுத்தியிருந்தோம். மேல் விளிம்பில் ஒரு பள்ளம் வட்டமாக ஓடும். அடுத்த துண்டு சேருகிற இடம். அதில்தான் கசியாமல் அடைக்கிற சீல் ரப்பர் உட்காரும். கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருக்கவேண்டும், முடி அளவு கீறலும் கூடாது. எங்கள் ஊர் ஈரத்தில் எஃகை ஒரு ராத்திரி சும்மா விட்டால் போதும், பழுப்பேறிவிடும். அதனால் எப்போதும் கிரீஸ் பூசியே வைத்திருப்போம்.

மற்ற வருடங்களில் வெளிப்பக்கம் பெயிண்ட் மேல் பொட்டு வைப்பார்கள். அந்த வருடம் அக்டோபர் மழை விடவே இல்லை. பெயிண்ட் காயவில்லை.

"எவனாவது என் பெயிண்ட்ல கை வெச்சீங்கன்னா அந்தக் கையிலயே குங்குமம் வெச்சுப் பூசணிக்காய்க்குப் பதிலா ஒடைச்சுருவேன்" என்றார் பெயிண்டர்.

அதனால் என் வீட்டுக்காரர் ஏணியில் ஏறி விளிம்பில் வைத்தார். கிரீஸ் மேல் சந்தனம் ஒட்டாது. உள்ளங்கை அகலத்துக்குக் கிரீஸைத் துடைத்தார். பொட்டு வைத்தார். எலுமிச்சம்பழத்தைப் பாதியாக வெட்டிக் குங்குமம் தடவிப் பொட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். பிறகு பொட்டைச் சுற்றி மறுபடி கிரீஸ் பூசினார். நான் கீழே சூடத் தட்டோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். விரலை வட்டமாக ஓட்டினார், இரண்டு சுற்று. அந்தக் கிரீஸுக்கு நிறம் கிடையாது. பூசியிருக்கிறதா இல்லையா என்று கண்ணுக்குத் தெரியாது. விரலுக்குத்தான் தெரியும்.

பூசணிக்காய் உடைத்தோம். பொரி தின்றோம். விஜயதசமி, அதை ஒட்டி ஞாயிறு. ஷெட் பூட்டிக் கிடந்தது. மேகம் தகர இடுக்கு வழியாக உள்ளே வந்து போயிருக்கும்.

திறந்தபோது பழம் சுருங்கி விளிம்பில் ஒட்டிக்கிடந்தது. முதலாளி ஏறி அதை எடுத்துத் துணியால் துடைத்தார். துடைத்தவர் இறங்காமல் அங்கேயே நின்றார். பழச்சாறு வழிந்து பள்ளத்துக்குள் போயிருந்தது. போன வழியெல்லாம் எஃகு கறுத்துப் புள்ளி புள்ளியாக அரித்திருந்தது. அம்மைத் தழும்பு மாதிரி.

"கர்த்தாவே" என்றார்.

மறுநாள் கம்பெனியிலிருந்து இன்ஜினியர் வந்தது. சின்னப் பெண், பர்லியார் வளைவுகளில் வாந்தி எடுத்து முகம் வெளிறிப்போய் வந்தது. எல்லோரையும் அண்ணா அக்கா என்றுதான் கூப்பிடும். திமிர் கிடையாது. ஏணியில் ஏறிப் பார்த்தது. டார்ச் அடித்தது. நகத்தை ஓட்டிப் பார்த்தது. இறங்கிவந்து பின் வைக்கிற பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டது.

"கிரைண்ட் பண்ணி எடுக்கலாம் சார். எடுத்தா பள்ளம் பெருசாயிடும், சீல் நிக்காது. அதுக்குத் தனியா ஒரு வளையம் செஞ்சு நடுவுல போடணும். புதுசோட சேர்க்க ஏற்கெனவே ஒரு வளையம் செய்யறோம். வளையத்துக்கு மேல வளையம்."

"செலவு?" என்றார் முதலாளி.

அந்தப் பெண் சிரித்தது, நல்ல சிரிப்பு இல்லை. "இது மட்டும் இல்ல சார். மலை ஏத்தி எறக்கற லாரி, வட்டம் அளக்கறது, வளையம், அதுக்குத் தனி டெஸ்ட்டு. புதுசா ஒண்ணு செஞ்சிருந்தா எப்பவோ முடிஞ்சிருக்கும். கையில இருக்கறது இலவசம்னு நெனச்சோம். இலவசம்னு நெனச்சதுக்காக என்னென்னமோ மாத்திட்டோம்."

பிறகு யார் பூஜை பண்ணியது என்று கேட்டது. பெயிண்டர் தன் பிரஷ்ஷைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் முன்னால் போனார்.

"நான்தானுங்க. ஆனா சுத்தியும் கிரீஸ் போட்டனுங்க. நல்லாப் போட்டன்."

"தப்பு சொல்லலைண்ணா. எவ்வளவு தூரம் போயிருக்குன்னு மட்டும் பாக்கணும். நீங்கதானே இதை முழுசாத் தொட்டுப் பழகினவர். வாங்க, கண்ணுக்குத் தெரியாம வேற எங்க சொரசொரப்பு இருக்குன்னு விரல் வெச்சுச் சொல்லுங்க."

அவர் ஏறினார். கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டினார். எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம். ஓரிடத்தில் நிறுத்தி, "இங்கீங்க" என்றார். அந்தப் பெண் பக்கத்தில் இன்னொரு ஏணியில் ஏறித் தொட்டுப் பார்த்தது. அங்கே ஒன்றும் இல்லை. இன்னும் கொஞ்சம் தள்ளி, "இங்கயும் லேசாத் தெரியுதுங்க" என்றார். அங்கேயும் இல்லை. அவருடைய சுண்டுவிரல், அரித்துப்போன இடத்தின் மேலேயே கிடந்தது. கறுத்த புள்ளிகளுக்கு மேலேயே.

நான் கையிலிருந்த பின்னைத் தட்டில் போட்டேன்.

"அவருக்குத் தெரியாதுங்க. விரல் செத்துப் போச்சு. அந்த ஸ்கிரேப்பரப் புடிச்சுப் புடிச்சுச் செத்துப் போச்சு. கிரீஸ் பூசினதும் தெரியல, அரிச்சதும் தெரியல. சும்மா எதையாச்சும் சொல்லிட்டிருக்கார்."

ஏணி மேலிருந்து என்னைப் பார்த்தார். அப்படி ஒரு பார்வையை நான் அதுவரை அவரிடம் பார்த்ததில்லை.

"நீ சும்மா இரு அம்மிணி."

"இருந்தாச்சுங்க. போதும்." அந்தப் பெண்ணைப் பார்த்துக் கேட்டேன். "ஏனுங்க, இத்தன நேரம் கணக்குச் சொன்னீங்களே, லாரி, வளையம், டெஸ்ட்டுன்னு. அதுல அவரு கை எங்கீங்க இருக்குது?"

"அது... லேபர்ல வரும்க்கா" என்றது.

சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அதற்கே உறைத்திருக்கவேண்டும். முகம் மறுபடி வெளிறியது. பொய்யும் சொல்லவில்லை, அலட்சியமாகவும் சொல்லவில்லை. கேட்டதற்கு உண்மையான பதில் அது. லேபரில்தான் வரும். தண்ணீர் மெஷின் வாங்காமல் மிச்சப்படுத்தியது எல்லாம் அங்கேதான் வந்திருந்தது. யாரும் அதைத் தனியாக எடுத்துப் பார்க்கவில்லை.

அன்றைக்கே முதலாளி ஸ்கிரேப்பரை அவர் கையிலிருந்து வாங்கிவிட்டார். சில வாரங்களில் கம்பெனியும் பழையதை மறுபடி பயன்படுத்துகிற யோசனையைக் கைவிட்டது. இனிமேல் எல்லாம் புதிதாகவே செய்யப்போகிறார்கள், கீழேயே. அந்தப் பெண் போன் பண்ணிச் சொன்னது, மன்னிப்பும் கேட்டது. அந்த மன்னிப்பை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. சரிங்க என்று வைத்துவிட்டேன்.

ஏணியடியில் நான் பேசிய அன்றைக்கு, திரும்பும்போது பஸ்ஸில் அவர் எனக்குப் பக்கத்தில் உட்காரவில்லை. வீட்டிலும் பேச்சு இல்லை. ஒரே ஒரு தடவை, சோறு போடும்போது, "ஊர் முன்னால என்னைச் செத்தவன்னு சொல்லிட்டீல்ல" என்றார். "விரலைத்தான் சொன்னேன்" என்றேன். "ரெண்டும் ஒண்ணுதான்" என்று சாப்பிட்டு எழுந்து போனார். பொத்தான் போட என்னிடம் வருவதில்லை. ஸ்வெட்டரை மாட்டிப் பொத்தான் போடாத சட்டையை மறைத்துக்கொண்டு நடந்தார்.

அவருக்கு வேலை இல்லை. எனக்கு மட்டும் கொஞ்சம் இருந்தது, மிஞ்சிய பின்களை எண்ணெய் போட்டுப் பெட்டியில் அடுக்குவது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து வெள்ளைச் சட்டையோடு முதலாளி எங்கள் வீட்டுக்கு வந்தார். கேக் கொண்டுவந்திருந்தார். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து மழையைப் பற்றிப் பேசினார். கேரட் விலையைப் பற்றிப் பேசினார். அப்புறம் விஷயத்துக்கு வந்தார்.

"தம்பி, ஷெட்டுல இன்னும் எரிஞ்ச குழாய் கெடக்குது. கம்பெனி திருப்பி எடுக்க மாட்டேங்குது. எறக்கற லாரி செலவுக்கு அது தேறாதாம். ஒருத்தன் வெலைக்குக் கேக்கறான், உள்ள சுத்தம் பண்ணிக் கொடுத்தா எடுத்துக்கறேங்கறான். அதோட முடிஞ்சுது. உன்னைத் தவிர எவனுக்கும் அந்தப் பூச்சு வராது. கையில துணி சுத்திக்கலாம், வுட்டு வுட்டுச் செய்யலாம்."

என் வீட்டுக்காரர் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். இவ்வளவு நடந்த பிறகும் மலர்ந்தது. உன்னைத் தவிர எவனுக்கும் வராது என்று ஒருத்தர் சொன்னால் மலராமல் என்ன செய்யும்?

நான் உள்ளே போய் டீ போட்டேன். ஆற்றவில்லை. கொதித்தபடியே இரண்டு எவர்சில்வர் டம்ளரில் விளிம்புவரை ஊற்றிக் கிடுக்கியால் பிடித்து வந்து டீப்பாய் மேல் வைத்தேன். வேண்டுமென்றே செய்தாய் என்று என் வீட்டுக்காரர் இன்றைக்கும் சொல்கிறார். ஆமாம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

முதலாளி கை வைத்தார். "ஆத்தாடி" என்று உதறினார். விரலைக் காது மடலில் வைத்துக்கொண்டார். கைக்குட்டையை எடுத்து மடித்து டம்ளரைச் சுற்றிப் பிடிக்கப் பார்த்தார், அதுவும் முடியவில்லை, அப்படியே விட்டுவிட்டார்.

என் வீட்டுக்காரர் டம்ளரை எடுத்து விரல் நுனிகளால் பிடித்துக்கொண்டிருந்தார். எந்தக் குழாய் முதலில், காற்று மெஷினுக்கு பெல்ட் மாற்றவேண்டுமே என்று பேசிக்கொண்டிருந்தார். ஆவி அவர் முகத்துக்கு நேரே ஏறிக்கொண்டிருந்தது. முதலாளி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். இவர் பேச்சை நிறுத்தினார். முதலாளியின் கைக்குட்டையைப் பார்த்தார். பிறகு தன் கையைப் பார்த்தார்.

டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார். விரல்கள் சிவந்திருந்தன. திருப்பித் திருப்பிப் பார்த்தார், வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோல.

"சுடறதே தெரியலீங்ண்ணா" என்றார்.

அதை அவர் வாயால் சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன்.

"வேண்டாமுங்க. நான் வரல."

முதலாளி தலையாட்டினார். டீ ஆறும்வரை உட்கார்ந்திருந்து குடித்துவிட்டுத்தான் போனார். நல்ல மனிதர்தான். அவரைக் கெட்டவர் என்று எழுதினால் எனக்கு வேலை சுலபமாக முடிந்துவிடும், அவர் அப்படி இல்லை. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "அந்தத் தண்ணி மெஷின அன்னைக்கே வாங்கியிருக்கணும்" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

குழாய்கள் இன்னும் ஷெட் பக்கத்தில் தார்ப்பாயின் கீழே கிடக்கின்றன. விலைக்குக் கேட்டவன் வரவில்லை. மழைத் தண்ணீர் தேங்கித் துரு வழிந்து கீழ் வளைவு ரோட்டோரம்வரை சிவப்பாக ஓடியிருக்கிறது. பஸ்ஸில் போகும்போது தெரியும். நான் பார்ப்பேன், எனக்கு ஒன்றும் தோன்றாது. இவர் இப்போது ஒரு காட்டேஜில் கேட் திறந்துவிடுகிற வேலைக்குப் போகிறார். கையுறை அவர்களே கொடுக்கிறார்கள், காட்டேஜ் பெயர் போட்டது.

விரல் திரும்பி வரவில்லை. டாக்டர் சொன்னதுதான். காலையில் பொத்தானுக்கு மட்டும் மறுபடி என்னிடம் வருகிறார். குளிக்கப் போனால் வாளியில் கை வைக்காமல் கதவருகே நின்று கூப்பிடுவார்.

"அம்மிணி, சூடு பாரு."

நான் போய்க் கையை விட்டுப் பார்த்து, பச்சைத் தண்ணீர் ஒரு சொம்பு ஊற்றிக் கலக்கி, இப்போது ஊற்றிக்கொள்ளலாம் என்று சொல்வேன்.